வைப்பு, கடன், விற்பனை: வட்டியில்லா வங்கிமுறையும் சட்டச் சொற்களும்

இந்தியாவில் வங்கித் தொழிலை நெறிப்படுத்தும் 1949 ஆம் ஆண்டுச் சட்டம் 'வங்கித் தொழில்' என்பதை ஒரே வாக்கியத்தில் வரையறுக்கிறது. கடன் கொடுப்பதற்காகவோ முதலீடு செய்வதற்காகவோ பொதுமக்களிடமிருந்து பண வைப்புகளை ஏற்பது வங்கித் தொழில் என்பது அதன் கருத்து. அவ்வைப்புகள் கேட்டபொழுதோ வேறு வகையிலோ திருப்பித் தரத்தக்கனவாகவும், காசோலை, வரைவோலை முதலியவற்றால் எடுக்கத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். தொடக்கத்தில் வங்கிக் குழுமங்கள் சட்டம் என்று வழங்கிய இச்சட்டம் 1966 இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் எனப் பெயர் மாறியது, வரையறை மாறவில்லை. அவ்வரையறையில் வட்டி என்ற சொல்லே இல்லை என்பது கருதத்தக்கது. ஆயினும் வட்டியை விலக்கி வங்கி நடத்த விரும்பியோர் அவ்வாக்கியத்தைத் தாண்ட இயலவில்லை. அவர்களைத் தடுத்தவை வைப்பு, கடன், திருப்பித் தருதல் ஆகிய எளிய சொற்களே.

இந்நிலை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தின் மித் கம்ர் நகரில் அகமது அல்-நஜ்ஜார் 1963 இல் தொடங்கிய சேமிப்பு நிறுவனம், அதே காலத்தில் மலாயாவில் புனிதப் பயணிகளுக்காக ஏற்பட்ட சேமிப்பு நிதியம், 1975 இல் தோன்றிய துபாய் இஸ்லாமிய வங்கி என இம்முறை படிப்படியாக வளர்ந்தது. வங்கிச் சட்டம் ஆங்கில மரபில் அமைந்த நாடுகளில் அது நுழைந்தபொழுது அங்கெல்லாம் ஏறத்தாழ ஒரே சொற்கள் அதனை எதிர்கொண்டன. பாகிஸ்தான், மலேசியா, பிரித்தானியா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளும் அச்சொற்களை நான்கு வகையாகக் கையாண்டன. இஸ்லாமிய வங்கிமுறை பற்றிய எழுத்துகள் சமய நோக்கிலோ பொருளியல் நோக்கிலோ அமைவதே பெரும்பான்மை. மொழி நோக்கில் காணும்பொழுது அதன் ஒழுங்குமுறை வரலாறு, ஒரு நடவடிக்கையை அதற்கு இட்ட பெயரால் அறிவதா, அதன் செயலால் அறிவதா என்னும் வழக்கின் வரலாறாகவே தோன்றுகிறது.

வளர்ச்சியைக் குறிக்கும் சொற்கள்

திருக்குர்ஆன் வணிகத்தை அனுமதித்து 'ரிபா'வைத் தடை செய்கிறது. ரிபா என்னும் அரபுச் சொல்லின் வேர், பெருகுதல், வளர்தல் என்னும் பொருளது. தமிழில் அதற்கு ஈடாக வழங்கும் வட்டி என்பதை வடமொழி 'விருத்தி'யின் திரிபாக அகராதியாளர் கொள்வர். அதன் பொருளும் வளர்ச்சியே. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகள் ஏற்ற பொன்னுக்கும் நெல்லுக்கும் உரிய ஆண்டு வருவாயைப் 'பொலிசை' என்னும் சொல் குறித்தது. பொலிதலும் பெருகுதலே. ஆக, மூன்று மொழி மரபுகளும் முதல் ஈனும் மிகுதியை ஒரே உருவகத்தால் பெயரிட்டுள்ளன. மலாய் மொழியோ வேறு வழியிற் சென்றது. அங்கு வட்டிக்குப் 'பூங்கா' என்று ஒலிக்கும் 'பூ' என்னும் பொருளுடைய சொல்லும், அரபு மொழியில் 'பயன்' என்று பொருள்படும் 'ஃபாயிதா'வின் மலாய் வடிவான 'ஃபாயிடா'வும் வழங்குகின்றன. ரிபா என்பது சமயச் சூழலுக்குரிய தனிச்சொல்லாக நின்றது. எனவே மலாய் மொழியில் ஒருவர் 'ஃபாயிடா வேறு, ரிபா வேறு' என்று வாதிடச் சொல்லளவில் இடமுண்டு. தமிழில் அவ்விடம் இல்லை.

ஆங்கிலத்திலும் இரு சொற்கள் உள்ளன. ஒன்று இயல்பான வட்டியையும் மற்றொன்று கொடுவட்டியையும் குறிக்கும். திருக்குர்ஆன் தடுத்தது கொடுவட்டியை மட்டுமே என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டில் எழுந்தபொழுது, அது பெரிதும் இவ்வேறுபாட்டைச் சார்ந்தே பேசப்பட்டது. எகிப்தின் தலைமை முஃப்தியாயிருந்த முகமது சையத் தன்தாவி 1989 இல் குறிப்பிட்ட சில முதலீட்டுச் சான்றிதழ்களின் வருவாய் ஆகுமானது என்று தீர்ப்புரைத்தார். அறிஞர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. தமிழ் இவ்வேறுபாட்டைத் தனிச்சொல்லால் அன்றி அடைமொழியால் காட்டுகிறது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி என்பன அத்தகையன. தமிழ்நாடு 2003 இல் மிகை வட்டியைத் தடுக்க இயற்றிய சட்டத்தின் ஆங்கில மூலமே இச்சொற்களை மொழிபெயர்க்காமல் தமிழ் வடிவிலேயே எடுத்து வரையறுத்தது. மொழிபெயர்ப்பியலார் இதனைத் தனியே ஆராயலாம்.

வட்டி விலக்கப்பட்டால் வங்கியின் வருவாய் எங்கிருந்து வரும் என்னும் வினாவிற்கு இஸ்லாமிய வணிகச் சட்டம் தரும் விடைகள் பல. அவற்றுள் இரண்டு இங்கு இன்றியமையாதன. முதலாவது முராபஹா. ஒருவர் விரும்பும் வீட்டை வங்கி 10 லட்ச ரூபாய்க்கு வாங்கி, தன் அடக்க விலையையும் ஆதாயத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, 16 லட்ச ரூபாய்க்குத் தவணையில் அவருக்கு விற்கிறது எனக் கொள்ளலாம். மிகுதியான 6 லட்சம் விற்பனை ஆதாயம், வட்டியன்று. ஆயின் வீடு சிறிது காலமேனும் வங்கிக்கு உரியதாய் இருக்க வேண்டும்; அக்காலத்தில் அதற்கு நேரும் கேடும் வங்கியைச் சாரவேண்டும். இரண்டாவது முளாரபா. ஒருவர் முதல் தருவார், மற்றொருவர் உழைப்பார், ஆதாயத்தை உடன்பட்ட வீதப்படி பகிர்வர், நட்டம் வரின் அது முதலைத் தந்தவரையே சாரும். முன்னது விற்பனையாகவும் பின்னது கூட்டாகவும் இருக்கும் வரையில்தான் சமய ஏற்பு உண்டு. வங்கிச் சட்டமோ முன்னதைக் கடன் என்றும் பின்னதை வைப்பு என்றும் படிக்கவே பழகியது.

பாகிஸ்தான்: பெயர் மாற்றம்

பாகிஸ்தானில் மாற்றம் அரசின் ஆணையாக வந்தது. 1981 சனவரி முதல் அரசுடைமை வங்கிகளில் 'இலாப நட்டப் பங்கீட்டுக் கணக்கு'கள் தொடங்கப்பட்டன. 1984 இல் நடுவண் வங்கி, அனுமதிக்கப்பட்ட நிதியளிப்பு முறைகளைப் பட்டியலிட்டது. 1985 சூலை முதல் உள்நாட்டு நாணய வைப்புகள் அனைத்தும் புதிய முறைக்கு மாறவேண்டும் என்றாயிற்று. பட்டியலில் இருந்த முறைகளுள் ஒன்று, பொருளை வாங்கி விலையேற்றத்துடன் தவணையில் விற்பது. இவ்விலையேற்றத்தைக் குறித்த 'மார்க்-அப்' என்னும் சொல் விரைவில் எல்லாக் கடன் பத்திரங்களிலும் பரவியது. நடைமுறையில் வங்கி எதனையும் வாங்கவில்லை, விற்கவும் இல்லை. பழைய படிவத்தில் வட்டி என்றிருந்த இடத்தில் மார்க்-அப் என்ற சொல் ஏறியது.

சொல் மாற்றம் நீதிமன்றத்தின் முன் நிற்கவில்லை. நிதி தொடர்பான சட்டங்களைத் தொடக்கத்தில் பத்தாண்டுக் காலம் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றத்தின் வரம்பிலிருந்து அரசியலமைப்பு விலக்கி வைத்திருந்தது. விலக்கு முடிந்த பின்னர், 1991 நவம்பரில் அந்நீதிமன்றம் வட்டி தொடர்பான பல சட்டப் பிரிவுகளைச் செல்லாதனவாக அறிவித்தது; அன்று வழக்கிலிருந்த மார்க்-அப் முறையையும் அத்தீர்ப்பு விட்டுவைக்கவில்லை. 1999 திசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2002 சூனில் அதே உச்ச நீதிமன்றம் மறு ஆய்வில் இரு தீர்ப்புகளையும் விலக்கி, வழக்கை மீண்டும் ஷரீஅத் நீதிமன்றத்திற்கே அனுப்பியது. அங்கு அது இருபதாண்டு கிடந்தது. 2022 ஏப்ரலில் வந்த புதிய தீர்ப்பு 2027 முடிவு வரை கெடு விதித்தது. 2024 அக்டோபரில் நிறைவேறிய 26 ஆம் அரசியலமைப்புத் திருத்தம், இயன்றவரை 2028 சனவரி 1 க்கு முன் ரிபா ஒழிக்கப்பட வேண்டும் என்று எழுதிவைத்தது. ஒரு சொல்லை எடுத்து மற்றொன்றை வைத்ததால் நேர்ந்த வழக்கு நாற்பதாண்டைக் கடந்து நிற்கிறது.

மலேசியா: சட்டத்திற்குள் அரபுச் சொற்கள்

மலேசியா வேறு வழியை மேற்கொண்டது. மரபு வழி வங்கிகளை அப்படியே இருக்கவிட்டு, 1983 ஆம் ஆண்டின் இஸ்லாமிய வங்கிச் சட்டத்தால் அவற்றின் அருகில் இன்னொரு முறையை நிறுவியது. அவ்வாண்டு சூலையில் முதல் இஸ்லாமிய வங்கி திறக்கப்பட்டது. அச்சட்டத்தின் வரையறை தனித்தன்மை உடையது. இஸ்லாம் சமயம் ஏற்காத எக்கூறும் தன் நோக்கத்திலும் நடைமுறையிலும் இல்லாத வங்கித் தொழிலே இஸ்லாமிய வங்கித் தொழில் என்றது அது. சட்டம் இயற்றியோர் பொருளை விளக்கவில்லை. சமயத்தின் பெயரைச் சுட்டி அமைந்தனர். 'ஏற்காத' என்னும் எதிர்மறையை யார், எந்த நூல்வழி முடிவு செய்வது என்பது திறந்தே விடப்பட்டது.

பெயரிடுவதில் நடுவண் வங்கிக்கும் தயக்கம் இருந்ததை வேறொரு செய்தி காட்டும். 1993 இல் மரபு வழி வங்கிகளும் இப்பணியில் ஈடுபட அனுமதிக்கப்பட்டபொழுது அத்திட்டம் 'ஃபாயிடா அற்ற வங்கித் திட்டம்' என்றே பெயர் பெற்றது. 1998 முடிவில்தான் அது 'இஸ்லாமிய வங்கித் திட்டம்' ஆயிற்று. முதற்பெயர் விலக்கப்படுவதைச் சொல்கிறது. இரண்டாவது பெயர் ஏற்கப்படுவதைச் சொல்கிறது. இடைப்பட்ட 1997 இல் நடுவண் வங்கியில் ஷரீஅத் ஆலோசனைக் குழு அமைந்தது.

அரசியலமைப்பில் வேறொரு சிக்கல் இருந்தது. இஸ்லாமியச் சட்டம் மாநிலங்களின் பட்டியலில் உள்ளது. வங்கியும் வணிகமும் கூட்டரசின் பட்டியலில் உள்ளன. ஆகவே இஸ்லாமிய வங்கி வழக்குகள் ஷரீஅத் நீதிமன்றங்களுக்குச் செல்லாமல் பொது நீதிமன்றங்களுக்கே சென்றன. ஆங்கிலச் சட்டம் பயின்ற நீதிபதிகள் அரபுப் பெயருடைய ஒப்பந்தங்களைப் படிக்க நேர்ந்தது.

அவ்வொப்பந்தங்களுள் மிகுதியாக வழங்கியது 'பைஃ பிதமன் ஆஜில்'. தாமதித்துச் செலுத்தும் விலைக்குச் செய்யும் விற்பனை என்பது அதன் நேர்ப்பொருள். வீடு வாங்குவோர், அவ்வீட்டைத் தாமே வங்கிக்கு ஒரு விலைக்கு விற்று, அதே நாளில் மிகுந்த விலைக்குத் தவணையில் திரும்ப வாங்குவதாக இரு பத்திரங்கள் எழுதப்பட்டன. நிலப் பதிவேட்டில் உரிமை வங்கியின் பெயருக்கு மாறுவதில்லை; வங்கிக்கு ஈட்டுரிமை மட்டும் பதிவாகும். மரபு வழி வீட்டுக்கடனில் தவணை தவறினால் நிலுவை முதலும் அதுவரை ஏறிய வட்டியும் கேட்கப்படும். இங்கோ விற்பனை விலை முழுவதும் முதல் நாளிலேயே கடனாகிவிட்டது. ஆகவே 25 ஆண்டுக்குரிய ஆதாயம் முழுவதையும் சில ஆண்டுகளிலேயே கேட்கலாம் என வங்கிகள் வாதிட்டன.

2005 இல் தீர்ப்பான வழக்கொன்றில் இதன் விளைவு வெளிப்பட்டது. வங்கி ஏறத்தாழ 4 லட்சம் ரிங்கிட் நிதியளித்திருந்தது. வாடிக்கையாளர் 33,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் செலுத்திய நிலையில் தவணை தவறினார். வங்கி கேட்ட தொகை 9,58,000 ரிங்கிட்டுக்கும் மேற்பட்டது. வட்டியின் கொடுமையிலிருந்து காக்க ஏற்பட்ட முறை, வட்டிக்கடனிலும் கடுமையான சுமையை ஒரு குடும்பத்தின் மேல் ஏற்றியது. நீதிபதி அப்துல் வஹாப் பட்டேல், இன்னும் வராத காலத்திற்குரிய ஆதாயம் ஈட்டப்படாத ஆதாயம் என்று கூறி அதனைக் கழித்தார். 2008 இல் வேறு வழக்குகளில் அவர் மேலும் சென்றார். வங்கி எக்காலத்தும் உண்மையான உடைமையாளராக இல்லாதவிடத்து அது விற்பனையாகாது. பெயர் விற்பனை, செயல் கடன். ஆகவே மிகுதியைக் கேட்க இயலாது என்றார். 'இஸ்லாம் சமயம் ஏற்காத' என்ற தொடரில் குறிப்பிட்ட ஒரு சட்டப்பள்ளியின் பெயர் இல்லாமையால், சட்டப்பள்ளிகளுள் எதுவும் மறுக்காததாய் ஒப்பந்தம் இருத்தல் வேண்டும் என்றும் பொருள் கொண்டார். சட்டமியற்றியோர் விளக்காது விட்ட சொல், கால் நூற்றாண்டுக்குப் பின் தன் பொருளைக் கேட்டு நின்றது எனலாம்.

2009 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இம்முடிவை மாற்றியது. இவ்வொப்பந்தம் விற்பனையே, கடனோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாது, நான்கு பள்ளிகளும் ஏற்க வேண்டும் என்னும் தேவையும் இல்லை, சமய ஏற்பை முடிவு செய்தல் பொது நீதிமன்றத்தின் பணியன்று என்றது. அதே ஆண்டில் வந்த நடுவண் வங்கிச் சட்டம், இத்தகைய வினாக்களில் நீதிமன்றங்கள் ஷரீஅத் ஆலோசனைக் குழுவின் முடிவை நாட வேண்டும் என்றும், குழுவின் முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்றும் விதித்தது. ஒரு சொல்லின் பொருளை அகராதியிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் எடுத்து ஒரு குழுவின் கையில் ஒப்படைத்தது இது. 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் இவ்விதி செல்லும் என்றது. ஐவர் ஆதரவும் நால்வர் மறுப்புமாக அத்தீர்ப்பு அமைந்தமை நீதிபதிகளிடையே நிலவிய ஐயத்தின் அளவைக் காட்டும்.

வாடிக்கையாளரின் சுமை வேறு சொல்லால் குறைக்கப்பட்டது. தமக்கு வரவேண்டியதை உரியவர் தாமே விட்டுக்கொடுத்தல் 'இப்ரா' எனப்படும். முன்பு அது வங்கியின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. முன்கூட்டிக் கணக்கு முடிப்போர்க்கு இப்ரா அளிக்கப்பட வேண்டும். அதனை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும் என்று 2011 இல் நடுவண் வங்கி நெறிமுறை வகுத்தது. விருப்பத்தைக் குறிக்கும் சொல் கட்டாயத்தைக் குறிக்கத் தொடங்கியது. இதனால் மக்களுக்கு நன்மையே விளைந்தது. ஆயினும் கொடையாளரின் மனமுவந்த செயலைக் குறித்த ஒரு சொல் விதியின் சொல்லாகும்பொழுது அதன் பழம்பொருள் எஞ்சுகிறதா என்பது வினாவே.

பின்னர் வங்கிகள் பைஃ பிதமன் ஆஜிலைப் பெரிதும் கைவிட்டு, சரக்கு வழி முராபஹாவுக்கு மாறின. 2009 இல் கோலாலம்பூர்ச் சந்தையில் இதற்கென அமைந்த மின்னணுத் தளத்தில் பாமாயில் வாங்கி விற்கப்படுகிறது. வீட்டுக்கு நிதி வேண்டுவோர் தாம் ஒருபொழுதும் காணாத பாமாயிலை வாங்கி உடனே விற்றுப் பணமாக்கிக்கொள்கிறார். அதே 2009 இல் ஷார்ஜாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹு அவை, இவ்வாறு ஏற்பாடு செய்யப்பட்ட 'தவர்ருக்' முறையை ஆகாது என்றது. மலேசியக் குழு ஏற்றதை வளைகுடா அறிஞர் பலர் ஏற்காமைக்கு இது ஒரு சான்று.

வைப்பு என்னும் சொல்லை மலேசியா தீர்த்த முறை இவற்றினும் தெளிவானது. 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி வந்த 2013 ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டம் அச்சொல்லை இரண்டாகப் பிரித்தது. முதல் குறையாமல் திருப்பித் தரப்படுவது 'இஸ்லாமிய வைப்பு'. நட்டம் வரின் முதலும் குறையக்கூடியது 'முதலீட்டுக் கணக்கு'. முன்னதற்கு வைப்புக் காப்பீடு உண்டு, பின்னதற்கு இல்லை. 2015 நடுப்பகுதிக்குள் வங்கிகள் தம் கணக்குகளை இவ்விரண்டனுள் ஒன்றாக வகைப்படுத்த வேண்டியிருந்தது.

பிரித்தானியா: பெயர் சொல்லாச் சட்டம்

பிரித்தானியாவில் இச்சிக்கல் முதலில் வரியாக வெளிப்பட்டது. முராபஹாவில் வீடு இருமுறை கைமாறுவதால் முத்திரை வரியும் இருமுறை விழுந்தது. 2003 ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இவ்விரட்டை வரியை நீக்கியது. 2004 ஆகஸ்டில் பிரித்தானிய இஸ்லாமிய வங்கி உரிமம் பெற்றபொழுது 'வைப்பு' இடையூறாயிற்று. அந்நாட்டு விதிப்படி திருப்பித் தரப்படும் உறுதியுடன் பெறும் பணமே வைப்பு. முளாரபாவிலோ முதலுக்கே மோசம் வர இடமுண்டு. அந்த இடம் இல்லையெனில் அது முளாரபா ஆகாது. இறுதியில் கண்ட தீர்வு நுட்பமானது. சட்டப்படி வாடிக்கையாளருக்கு முழு முதலும் உரியது. நட்டம் நேர்ந்த பின்னர், சமயக் காரணத்தால் அவர் விரும்பினால் தம் உரிமையைத் தாமே மறுத்துக்கொள்ளலாம். சட்டத்தின் சொல்லும் காக்கப்பட்டது; சமயத்தின் சொல்லும் காக்கப்பட்டது; இரண்டும் ஒரே மனிதரின் மனத்தில் சந்திக்குமாறு விடப்பட்டன.

2005 ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் நடையை மொழிபெயர்ப்பாளர் ஊன்றிப் படித்தல் தகும். முராபஹா, முளாரபா ஆகியவற்றுக்கு வரி விதிக்கும் அப்பகுதியில் ஓர் அரபுச் சொல்லும் இல்லை. 'மாற்று நிதி ஏற்பாடுகள்', 'மாற்று நிதி வருவாய்' என்பனவே அதன் சொற்கள். ஒருவர் ஒரு பொருளை வாங்கி மற்றொருவருக்கு மிகுந்த விலைக்கு விற்க, விலை பின்னர் செலுத்தப்படின், அம்மிகுதி வட்டிக்குச் சமமான வருவாயெனில் இவ்வாறு கணக்கிடுக என்ற போக்கில் அது செல்கிறது. 2007 இல் சுக்கூக் பத்திரங்களும் 'மாற்று நிதி முதலீட்டுப் பத்திரங்கள்' என்றே சட்டத்தில் இடம்பெற்றன. பெயரை விலக்கிச் செயலை மட்டும் விளக்குவது இம்முறை. எம்மதத்தாரும் அவ்வேற்பாட்டில் சேரலாம். சமய ஏற்பு உண்டா என்று வரி அலுவலர் ஆராய வேண்டியதில்லை.

நீதிமன்றமும் இதனையொட்டியே நின்றது. பஹ்ரைன் வங்கியொன்றுக்கும் வங்காளதேச நிறுவனங்களுக்கும் இடையிலான ஒப்பந்தம், ஷரீஅத் நெறிகளுக்கு உட்பட்டு இங்கிலாந்துச் சட்டத்தால் ஆளப்படும் என்றது. கடன்பட்டோர், தாம் கையெழுத்திட்டது முராபஹா என்னும் பெயரில் வட்டிக்கடனே. ஆதலின் செல்லாது என்றனர். ஒப்பந்தத்தை ஆளக்கூடியது ஒரு நாட்டின் சட்டமே. ஷரீஅத் நெறிகள் என்ற பொதுத்தொடர் குறிப்பிட்ட விதி எதனையும் ஒப்பந்தத்திற்குள் கொண்டுவரப் போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004 இல் அவ்வாதத்தைத் தள்ளியது. தம் ஒப்பந்தம் சமயத்திற்கு ஒவ்வாதது என்பதைக் கடனைத் திருப்பித் தர வேண்டிய நாளிலேயே அவர்கள் கண்டறிந்தனர் போலும்.

இந்தியா: மாறாத வாக்கியம்

இந்தியச் சட்டத்தில் தொடக்கத்தில் காட்டிய வரையறையேயன்றி வேறு பிரிவுகளும் குறுக்கிடுகின்றன. 8 ஆம் பிரிவு, ஈட்டுப்பொருளை விற்றுக் கடன் தீர்ப்பது போன்ற சில நிலைகளில் தவிர, வங்கி பொருள்களை வாங்கி விற்பதைத் தடுக்கிறது. 9 ஆம் பிரிவு, தன் சொந்தப் பயன்பாட்டிற்கல்லாத அசையாச் சொத்தை ஏழு ஆண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்கிறது. 21 ஆம் பிரிவு, கடன்களுக்குரிய வட்டி வீதம் பற்றி ரிசர்வ் வங்கி ஆணையிடலாம் என்கிறது. வைப்பாளரின் பணத்தை வணிகத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து காப்பதே 8 ஆம் பிரிவின் நோக்கம். சரக்கைத் தொட்டால் வைப்பாளருக்குத் தீங்கு என்பது வங்கிச் சட்டத்தின் அறம். சரக்கைத் தொடாமல் ஆதாயம் கொண்டால் கடனாளிக்குத் தீங்கு என்பது ஷரீஅத்தின் அறம். இரண்டும் எளியோரைக் காக்க எழுந்தவை. ஒன்றற்கொன்று எதிராய் அமைந்துவிட்டன. 'முதலீடு செய்வதற்காகவோ' என்று வரையறையில் உள்ள சொல் ஒரு கதவைத் திறப்பது போலத் தோன்றும். 'திருப்பித் தரத்தக்க' என்ற அடுத்த தொடர் அதனை மூடிவிடுகிறது.

2005 இல் ரிசர்வ் வங்கி ஆனந்த் சின்கா தலைமையில் அமைத்த குழு, நடைமுறையிலுள்ள சட்டப்படி இந்திய வங்கிகள் இப்பணியை மேற்கொள்ள இயலாது என முடிவு கூறியது. ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு 2008 இல் வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழிகாண வேண்டும் என்றது. வட்டியைச் சமயத்தால் விலக்குவோர் வங்கிக்கு வெளியே நின்றுவிடுகின்றனர் என்பது அதன் கவலை. 2015 திசம்பரில் தீபக் மொகந்தி குழு, வங்கிகளில் 'வட்டியில்லாச் சாளரம்' திறக்கலாம் என்றது. பிரித்தானியச் சட்டத்தைப் போன்றே அக்குழுவும் முகமை, பங்கேற்புப் பத்திரம், அடக்க விலையுடன் ஆதாயம், தாமதச் செலுத்துகை என விளக்கச் சொற்களையே தன் பரிந்துரையில் ஆண்டது. செய்தித்தாள்களோ அதனை 'இஸ்லாமிய வங்கி' என்றே எழுதின. விளக்கப் பெயரை இட்டவர்கள் அதனால் எதிர்பார்த்த நடுநிலை மக்கள் வழக்கில் நிலைக்கவில்லை. 2017 நவம்பரில், எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெறப் பரந்த, சமமான வாய்ப்புகள் இருப்பதைக் கருதி இம்முன்மொழிவை மேற்கொண்டு தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி தகவல் உரிமை மனு ஒன்றிற்கு விடையளித்தது.

கேரளத்தில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் பங்கேற்ற வங்கி சாரா நிறுவனம் ஒன்றை எதிர்த்து, அரசு ஒரு சமயத்தின் சட்டத்திற்குத் துணைபோவது மதச்சார்பின்மைக்கு முரண் என வழக்குத் தொடரப்பட்டது. 2011 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. பங்குச் சந்தையிலோ இத்தகைய தடை எழவில்லை. மும்பைச் சந்தையில் 2010 திசம்பரில் தொடங்கிய குறியீடு ஒன்று ஷரீஅத் என்ற சொல்லையே தன் பெயரில் ஏந்தியது. பங்கு வாங்குவோர்க்கு முதலைத் திருப்பித் தருவதாக எவரும் உறுதி கூறுவதில்லை. ஆகவே அங்கு 'வைப்பு' இல்லை, வழக்கும் இல்லை.

தமிழ்ச் சொற்கள்

தமிழ்நாட்டு முஸ்லிம் ஊர்களில் பைத்துல்மால் எனப்படும் பொது நிதியங்கள் வட்டியில்லாக் கடன் வழங்கி வருகின்றன. 'கர்ளன் ஹஸனா' என்பதற்கு அங்கு வழங்கும் 'அழகிய கடன்' நல்ல மொழிபெயர்ப்பு. கடன் என்ற தமிழ்ச் சொல் கடமையையும் குறிப்பதால், அரபுத்தொடரில் உள்ள அறக்கருத்து தமிழில் இழப்பின்றி வந்துள்ளது. வைப்பு பற்றியும் தமிழில் பழைய வளம் உண்டு. காத்துத் திருப்பித் தரவேண்டியது அமானிதம் அல்லது அடைக்கலப் பொருள். வணிகத்தில் இட்டது முதல். மலேசியா 2013 இல் சட்டத்தால் பிரித்ததை இச்சொற்கள் முன்னரே பிரித்து வைத்திருந்தன. வங்கித் தமிழ் இவற்றை ஒதுக்கி 'வைப்புத்தொகை' என்ற ஒன்றால் அனைத்தையும் குறித்தது. முளாரபாக் கணக்கை 'வைப்புத்தொகை' என்று மொழிபெயர்த்தால், அதனைப் படிக்கும் எளிய வாடிக்கையாளர் தம் முதல் பாதுகாப்பானது என்றே கொள்வார். அங்கு மொழிபெயர்ப்பின் பிழை பணத்தின் இழப்பாக முடியும். 'முதலீட்டுக் கணக்கு' என்பதே அவ்விடத்திற்கு ஏற்றது.

ஒலிபெயர்ப்பிலும் ஒழுங்கு இல்லை. அரபு மொழியின் 'ளாத்' என்னும் எழுத்தைத் தமிழ் முஸ்லிம் மரபு ளகரத்தால் எழுதும். ரமளான், ஃபர்ளு, கர்ளு என்பன அவ்வாறு வந்தவை. அவ்வழியே முளாரபா என்பதே மரபு வடிவம். ஆங்கில எழுத்துக்கூட்டைப் பின்பற்றுவோர் முதாரபா என்றும் முடாரபா என்றும் எழுதுகின்றனர். இலங்கையில் 2005 ஆம் ஆண்டு வங்கித் திருத்தச் சட்டம் இலாப நட்டப் பங்கீட்டு முறைக்கு இடமளித்தது. முழுமையான இஸ்லாமிய வங்கி ஒன்று 2011 இல் அங்குச் செயற்படத் தொடங்கியது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் இச்சொற்கள் ஒப்பந்தப் படிவங்களில் ஏறும்பொழுது, ஒரே சொல் மூன்று எழுத்துக்கூட்டில் அமைவதும், முராபஹா ஓரிடத்தில் விற்பனையாகவும் மற்றோரிடத்தில் கடனாகவும் பெயர்க்கப்படுவதும் வழக்குக்கு இடமாகும். கலைச்சொல் தொகுப்போர் அரபு வடிவத்தை முளாரபா, முராபஹா என ஒரே முறையில் நிறுத்தி, அதன் அருகில் 'முதலும் உழைப்பும் சேர்ந்த கூட்டு', 'ஆதாயம் அறிவித்த தவணை விற்பனை' எனச் செயல்விளக்கமும் தருதல் வேண்டும். 'கடன்' என்ற சொல்லை வட்டியில்லாக் கர்ளுக்கு மட்டுமே ஒதுக்கி வைப்பது நலம்.